பெயரில்லாத பட்டன்கள்

2023 மார்ச் 6, திங்கட்கிழமை. இத்தாலியின் மார்க்கே பகுதியில், மோன்தெசால்வோ நகரத்துச் சுகாதார அலுவலகத்தின் பழைய தொலைபேசி இணைப்புப் பெட்டி கழற்றப்பட்டது. அதற்குப் பதிலாக, கணினியின் உலாவியில் திறக்கும் ஒரு பக்கம் பயன்பாட்டுக்கு வந்தது.

காலை எட்டு மணிக்கு ஓர்னெல்லா பக்காலோனி அந்தப் பக்கத்தின் முன் உட்கார்ந்தாள். வயது நாற்பத்தேழு. பிறவியிலேயே பார்வை கிடையாது. பதினான்கு ஆண்டுகளாக அந்த அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளை முதலில் எடுப்பவள் அவள்தான். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேண்டியவர், வீட்டுக்கு நர்சு வரவேண்டியவர், மருத்துவச் சான்றிதழ் கேட்டு அலைபவர், எல்லோரும் அவளிடம்தான் வந்து விழுவார்கள். யாரை எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

கணினி அவளுக்குப் புதிதல்ல. மின்னஞ்சல், செய்தித்தாள், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் உலாவியில்தான் பார்ப்பாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் அவள் இடது காதில் பேசிக்கொண்டே இருக்கும். விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். இன்னொன்றைத் தட்டினால் பட்டனிலிருந்து பட்டனுக்கு. பழகப் பழக அந்தக் குரலின் வேகத்தை ஏற்றி ஏற்றி, மற்றவர்கள் காதுக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போல் கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்த ஆலங்கட்டியில் ஒரு சொல் அவளுக்குத் தவறாது.

புதிய பக்கத்தில் குரல் சொன்னது: "பட்டன்."

அடுத்ததற்குத் தாவினாள். "பட்டன்."

அதற்கடுத்தது. "பட்டன்."

எந்தப் பட்டனுக்கும் பெயரில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படம் தெரிந்திருக்கும்: பச்சை நிறத் தொலைபேசி, சிவப்பு நிறத் தொலைபேசி, அம்புக்குறி. அந்தப் படம் என்ன என்று நிரலில் ஒரு சொல் எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எழுதியிருந்தால் குரல் அதைப் படித்திருக்கும்.

முதல் அழைப்பு வந்தது. மணி அடித்தது. எதை அழுத்தினால் எடுக்கலாம்? ஒன்றை அழுத்திப் பார்த்தாள். உடனே அவளுடைய மென்பொருளின் குரலுக்கு மேலேயே இன்னொரு பெண்குரல், தேன் தடவியது போல, நிறுத்தி நிதானமாக எழுந்தது.

"வணக்கம்! நான் உங்கள் வாசிப்புத் துணை. எழுத்துகளைப் பெரிதாக்கட்டுமா?"

"எழுத்தப் பெருசாக்குறாளாம்" என்றாள் ஓர்னெல்லா, சத்தமாகவே. "நல்லா ஆக்கு. கதவளவுக்கு ஆக்கு."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், விசாரணை மேசையிலிருந்து துல்லியோ சிரித்தார். பதினான்கு ஆண்டுகளாக அவளுக்குப் பக்கத்து மேசை அவருடையது. தொப்பையும் சைக்கிள் பந்தயப் பைத்தியமும் உள்ள அறுபத்துமூன்று வயது மனிதர். எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார்.

"என்ன ஓர்னே, புது வண்டி கிளம்ப மாட்டேங்குதா?"

"வண்டியே இல்ல துல்லியோ, வெறும் ஹார்னு. எந்தப் பட்டனுக்கும் பேரு கிடையாது. நடுவுல ஒரு மகராசி வந்து உபதேசம் பண்றா."

"தள்ளு, நான் எடுக்குறேன்." தன் மேசை மவுஸைக் கொண்டுவந்து செருகி ஒரு சொடுக்கு. அழைப்பு எடுபட்டது. "பேசு."

பேசினாள். தடுப்பூசிப் பிரிவு வேண்டுமாம். "தடுப்பூசி" என்றாள். துல்லியோ சொடுக்கினார். இணைந்தது.

அன்றைக்கு முழுவதும் அப்படித்தான் ஓடியது. அவள் பேசினாள், அவர் சொடுக்கினார். முதல் நாள் கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று இருவரும் நினைத்தார்கள். ஓர்னெல்லாவாவது அப்படி நினைத்தாள்.

மறுநாளும் சரியாகவில்லை. அதற்கு மறுநாள் அவள் மேலாளர் ரானியேரியிடம் போனாள். ரானியேரி கெட்டவர் இல்லை என்பது அலுவலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். அவள் வருகிறாள் என்றால் எழுந்து வந்து கதவைத் திறப்பார், தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்துவார். நாற்காலி எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தோளைப் பிடிக்காதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"அந்தப் பக்கத்தை என் மென்பொருளால படிக்க முடியல சார். கம்பெனிகிட்ட சொல்லுங்க."

"அதுலயே ஒரு துணைக்குரல் வெச்சிருக்காங்களே? அதுக்குன்னு தனியா பணம் கட்டியிருக்கோம்."

"அது என் குரலோட சண்டைக்கு நிக்குது."

"அப்ப உங்க குரலை அணைச்சிடுங்களேன்."

"சார், நாளைக்கு உங்க கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு, கம்பெனி குடுக்குற கண்ணாடியைப் போட்டுக்குவீங்களா? அது இந்த ஒரு அறைக்குள்ள மட்டும்தான் தெரியும், அதுவும் கோணலா."

ரானியேரி சிரித்தார். கோபக்காரப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போன்ற சிரிப்பு அது, சத்தத்திலேயே தெரிந்தது. "எதுக்கு இவ்வளவு டென்ஷன்? துல்லியோதான் கூட இருக்காரே. அதுவும் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வாசல்ல வரவேற்பு மேசை ஒண்ணு போடுறோம். வர்றவங்களுக்கு ஒரு வணக்கம் சொன்னாப் போதும். சம்பளம் அப்படியே வரும். உங்களை யாரும் எதுவும் செய்ய முடியாது, உங்களுக்கே தெரியும்."

தெரியும். பொது அலுவலகங்களில் தொலைபேசி இணைப்பகம் இருந்தால் அதில் பார்வையற்றவருக்கு ஓர் இடம் என்பது சட்டம். அவளை வேலையை விட்டு எடுக்க முடியாது. வேலையை அவளிடமிருந்து எடுக்கலாம். அப்படி எடுக்கப்பட்டவர்களை அவள் அறிவாள். பெசாரோவில் அவளோடு படித்த எல்வீரா நான்கு ஆண்டுகளாக ஒரு அரசு அலுவலகத்தின் மூலையறையில் உட்கார்ந்து சம்பளத்துக்கு நாவல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் ஆண்டு அதைச் சொல்லிச் சிரித்தாள். இப்போது தொலைபேசியை எடுப்பதேயில்லை.

"வரவேற்பு மேசை வேண்டாம்" என்று எழுந்தாள் ஓர்னெல்லா. "பட்டனுக்குப் பேரு வைக்கச் சொல்லுங்க. அது போதும்."

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை துல்லியோ விடுப்பில் இருந்தார். மகளுக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. முந்தின நாளே சொல்லியிருந்தார், பதிலுக்கு ஆள் போடச் சொல்லி ஓர்னெல்லா ரானியேரியிடம் கேட்டாள், பார்க்கலாம் என்றார். யாரும் வரவில்லை.

மணி அடித்தது. பெயரில்லாத பட்டன்களின் ஊடே நடந்தாள். மேலிருந்து எண்ணி ஏழாவது என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். ஆனால் புதிதாக ஒரு அழைப்பு வரும்போதெல்லாம் பட்டன்கள் இடம் மாறின. ஏழாவதை அழுத்தினால் ஒரு அழைப்பு துண்டிக்கப்பட்டது. எட்டாவதை அழுத்தினால் தேன்குரல் வந்து, பின்னணியை மஞ்சளாக்கட்டுமா என்று கேட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது, மறுபடி அடித்தது. சிலவற்றை எடுத்தாள். பலவற்றை இழந்தாள். எத்தனை இழந்தோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பதினோரு மணி வாக்கில் ஒரு கிழவர் நேரிலேயே வந்தார். காலடியில் தள்ளாட்டம், குரலில் தள்ளாட்டம் இல்லை.

"இங்க போன் எடுக்குறது யாரு?"

"நான்தான். சொல்லுங்க."

"நீதானா? காலைல இருந்து அடிக்கிறேன், ஒரு நாதி எடுக்கல. என் பொண்டாட்டிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வரணும். நேத்தே வரணும். வீட்டுல அவ மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கா, நான் ரெண்டு பஸ் ஏறி வர்றேன், நீ இங்க காதுல பாட்டு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கே!"

"பாட்டு இல்லங்க..."

"திரையக்கூடப் போடல! கறுப்பாக் கெடக்கு! கேட்கிறவன் இல்லைன்னா இப்படித்தான்!"

திரையை எதற்கு அணைத்துவைத்திருக்கிறாள் என்று அவரிடம் விளக்கியிருக்கலாம். மனைவி மூச்சுக்குத் திணறும்போது அந்த விளக்கம் அவருக்கு எதற்கு? கைப்பேசியை எடுத்து சுவாச உதவிப் பிரிவுக்குத் தானே அழைத்தாள். சிலிண்டர் வண்டி கிளம்பியதா என்று கேட்டு உறுதி செய்தாள். அவரிடம் சொன்னாள். கிழவர் நன்றி சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று இன்னொருவரிடம், "அரசாங்கச் சம்பளம்" என்று மட்டும் சொன்னது அவள் காதில் விழுந்தது.

பதினான்கு ஆண்டுகளில் முதல்முறையாக ஒருவர் அவளைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டுப் போகிறார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

ரானியேரியிடம் அவள் திரும்பப் போகவில்லை. அந்தப் பக்கத்தைச் செய்துகொடுத்த கம்பெனியின் எண்ணைத் தேடியெடுத்துத் தானே அழைத்தாள். பொலோன்யாவிலிருந்து மிலேனா என்ற தொழில்நுட்பப் பெண் பேசினாள். இளம்குரல், அவசரக் குரல்.

"மோன்தெசால்வோவா? உங்க கேஸ் முடிஞ்சாச்சே மேடம். பார்வையற்றவர்களுக்கான சோதனை பாஸ்."

"யாரு பண்ணினது சோதனை? அந்த வேலைக்கு இங்க இருக்குறது நான் ஒருத்திதான்."

"ஒரு நிமிஷம்... பிப்ரவரி கடைசியில நடந்திருக்கு. அப்ப நீங்க காய்ச்சல்ல லீவுன்னு எழுதியிருக்கு. உங்க சார்பா உங்க சக ஊழியர் செஞ்சிருக்கார். துல்லியோ மங்கியாதெர்ரா. கண்ணைக் கட்டிக்கிட்டு மூணு அழைப்பை எடுத்திருக்கார். எல்லாம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."



"கண்ணைக் கட்டிக்கிட்டு" என்றாள் ஓர்னெல்லா. "எதை வெச்சு எடுத்தாராம்?"

"மவுஸ்தான். பாயின்டர் எந்தப் படத்து மேல போகுதோ, அதுக்குன்னு பதிஞ்சு வெச்சதை எங்க துணைக்குரல் சொல்லும்ல?"

"ஏம்மா, உன் பேரு என்ன, மிலேனாவா? கண்ணு தெரியாதவ பாயின்டர் எங்க இருக்குன்னு எப்படிம்மா பாப்பா?"



வெள்ளிக்கிழமை காலை நடைபாதையில், காபி இயந்திரத்தின் பக்கத்தில் துல்லியோவைப் பிடித்தாள். நல்ல உற்சாகத்தில் இருந்தார். மகள் தேர்வில் தேறிவிட்டாள்.

"இனி என் காரை நான் கண்ணால பாக்க முடியாது ஓர்னே! உனக்கு சர்க்கரை போடவா?"

"பிப்ரவரில கண்ணைக் கட்டிக்கிட்டியாமே."

காபிக் குவளை தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா?"

"கம்பெனிக்காரி."

"ரானியேரிதான் சொன்னார். நீ காய்ச்சல்ல கெடந்தே. மாசக் கடைசிக்குள்ள சோதனை முடியலைன்னா மேலிடத்துப் பணம் வராதுன்னார். நான் ஏமாத்தல ஓர்னே. என் பொண்டாட்டியோட ஸ்கார்ஃபை ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிக் கட்டிக்கிட்டேன். ஒண்ணும் தெரியல. எது எங்கன்னு முன்னமே திரையில பாத்திருந்தேன், அந்தப் பொம்பளைக் குரல் சொல்லச் சொல்லச் சொடுக்கினேன். மூணு போனும் எடுத்தேன். எனக்கே பெருமையா இருந்தது. உனக்கு நல்லது பண்றேன்னுதான் நினைச்சேன்."

"துல்லியோ, பதினாலு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்திருக்கே. என் மேசையில என்னைக்காவது மவுஸ் பாத்திருக்கியா?"

யாரோ வந்து காசு போட்டு, காபி எடுத்துக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கி நகர்ந்தது.

"பாத்ததில்ல" என்றார் கடைசியில்.

"முதல் நாளு உன் மேசையில இருந்து கொண்டாந்தியே, அப்பவும் தோணலியா?"

"தோணுச்சு." குரல் தாழ்ந்தது. "அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. வேற என்ன பண்ணச் சொல்றே? கையெழுத்துப் போட்டாச்சு. அதான் நான் சொடுக்குறேன், நீ பேசுன்னு பாத்துக்கிட்டேன். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? நாலு வருஷத்துல நான் ரிட்டயர்டு. அதுவரைக்கும் நான் உன் கை."

"எனக்கு ரெண்டு கை இருக்கு" என்றாள் ஓர்னெல்லா. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று துல்லியோவுக்குத் தோன்றியிருக்கும். "நேத்து ஒரு ஆளு பொண்டாட்டிக்கு மூச்சு நிக்குதுன்னு ரெண்டு பஸ் ஏறி வந்தான். என்னைச் சோம்பேறின்னான். நீ உன் பொண்ணோட சந்தோஷமா இருந்தே, இருக்கணும், அதைச் சொல்லல. ஆனா நீ இல்லாத அன்னிக்கு எனக்குக் கையில்லைன்னு ஆக்கி வெச்சிருக்கே. மூணு வாரமா எனக்கு நன்றி வேற சொல்ல வெச்சே. தினமும் சாயங்காலம் 'ரொம்ப தேங்க்ஸ் துல்லியோ'ன்னு சொல்லிட்டுப் போனேன். நீ அதை வாங்கிக்கிட்டே."

அதுதான் அவளுக்கு உள்ளே கொதித்தது. ரானியேரி அவள் தோளைப் பிடித்தபோது கோபம் வந்து போயிற்று. அந்த மனிதரிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை. இவர் அப்படியா? குவளையை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, வைத்ததைச் சொல்லாமலேயே போகத் தெரிந்தவர். கூட்டத்தில் அவளுக்குப் பதிலாகத் தன்னிடம் பேசுகிறவர்களை, "அவங்ககிட்டயே கேளுங்க, காது நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிவிடத் தெரிந்தவர். அப்படிப்பட்டவரே, பார்வையில்லாமை என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு மவுஸ் பிடிப்பது என்று நினைத்திருக்கிறார்.

"நான் உண்மையச் சொல்லப் போறேன்" என்றாள்.

"சொன்னா சோதனை ரத்தாகும். பொய்யாக் கையெழுத்துப் போட்டேன்னு என் மேல நடவடிக்கை எடுப்பாங்க. முப்பது வருஷ சர்வீசு ஓர்னே. என்னை மாட்டிவிடுவியா?"

"சொல்லலைன்னா வாசல்ல வணக்கம் சொல்ற மேசை எனக்கு. எல்வீராவை உனக்குத் தெரியும்."

"ஒரு தடவை விட்டுக்குடுக்கக் கூடாதா? கொஞ்ச நாளைக்காவது? கம்பெனிக்காரன்கிட்ட நைசாப் பேசி, சத்தமில்லாம சரி பண்ண வெச்சுடலாம்."

"கேஸ் முடிஞ்சாச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா. முடிஞ்ச கேஸை நைசாத் தொறக்க முடியாது. அதை முடிச்சு வெச்சது நீ."

துல்லியோ காபியைக் குடிக்காமலேயே போனார். குவளை அங்கேயே ஆறிக்கிடந்தது.

அன்று பிற்பகல் அவள் தானே தட்டச்சு செய்து, மேலிடத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் அனுப்பினாள். சோதனை நடந்த நாளில் தான் அலுவலகத்தில் இல்லை, அந்தப் பக்கத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை, தன் முன்னிலையில் மறுபடி சோதிக்க வேண்டும். அவ்வளவுதான். துல்லியோவின் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

மறு சோதனை ஏப்ரல் நடுவில் நடந்தது. பொலோன்யாவிலிருந்து மிலேனா வந்தாள். ரானியேரி நின்றார், மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார், துல்லியோவையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். ஓர்னெல்லா காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, தன் மென்பொருளின் குரலை அறைக்குத் திறந்துவிட்டாள். அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று வேகத்தையும் குறைத்தாள். அவளுக்கு அந்த வேகத்தில் கேட்பதே நரகம்.

பட்டன். பட்டன். பட்டன். வணக்கம், நான் உங்கள் வாசிப்புத் துணை. பட்டன்.

மிலேனா தன் கைப்பேசியிலிருந்து அழைத்தாள். மணி அடித்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அது அடித்து ஓயும்வரை நின்றார்கள்.

"போதும் மேடம்" என்றாள் மிலேனா. "தப்பு எங்க பக்கம். பட்டனுக்குப் பேரு எழுதல. நாங்களும் கண்ணால பாத்துத்தான் செஞ்சிருக்கோம்."

மேலிடத்து ஆள் தொண்டையைக் கனைத்தார். "அப்படின்னா பிப்ரவரில பாஸ்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்" என்றார் துல்லியோ.

"எந்த அடிப்படையில?"

"கண்ணைக் கட்டிக்கிட்டேன்" என்றார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

ரானியேரி பேசவில்லை. அவர் பேசுவார் என்று ஓர்னெல்லா காத்திருந்தாள். நிச்சயமாகப் பேச வேண்டிய இடம் அது. அவர் சட்டைக் கையைச் சரிசெய்யும் சத்தம் மட்டும் வந்தது. அவள் நாற்காலியை மேலிடத்து ஆளின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எழுதிக்கிறது நீங்கன்னா இதையும் எழுதிக்குங்க. நான் இல்லாத நாளாப் பாத்துச் சோதனையை வைக்கச் சொன்னது மேலாளர். பணம் போயிடும்னு அவசரப்படுத்தினது மேலாளர். இவர் செஞ்சது மடத்தனம், மறைச்சது அதைவிடப் பெரிய தப்பு, அதுக்கு நான் இவரை மன்னிக்கல. ஆனா மொத்தத்தையும் இவர் தலையில கட்டிட்டு நீங்க கிளம்பக் கூடாது."

"ஓர்னெல்லா, பதற்றப்படாதே" என்றார் ரானியேரி. அவள் தோளை நோக்கி ஒரு கை வந்தது.

"கையை எடுங்க" என்றாள். "அப்புறம், 'நீங்க'ன்னு கூப்பிடுங்க."

கை விலகியது. மேலிடத்து ஆள் எழுதிக்கொண்டாரா இல்லையா என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. பேனா ஓடும் சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

கம்பெனிக்கு இரண்டு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த இரண்டு மாதமும் ஓர்னெல்லா வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொன்னாள். அழைப்புகளை வேறொருவர் எடுத்தார். துல்லியோவும் அவளும் பேசிக்கொள்ளவில்லை.

திருத்திய பக்கம் ஜூன் இறுதியில் வந்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் இருந்தது, அழைப்பை எடுக்கவும் இணைக்கவும் தனித்தனி விசைகள் இருந்தன, துணைக்குரல் நீக்கப்பட்டிருந்தது. ஓர்னெல்லா இணைப்பகத்துக்குத் திரும்பினாள். துல்லியோ மங்கியாதெர்ராவுக்கு எழுத்துமூலக் கண்டனமும் பத்து நாள் சம்பள வெட்டும் விதிக்கப்பட்டன. செப்டம்பரில், அவரே கேட்டுக்கொண்டதன் பேரில், கடலோரக் கிளை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். ரானியேரி மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.